ஒட்டுப்பால்

மூன்றே முக்காலுக்கு அலாரம்.
அம்மா விழிக்கும் முன் அமர்த்திவிட வேண்டும்.
அப்பாவின் ஹெட்லைட் எனக்குப் பெரிது,
வாரில் இரண்டு முடிச்சுப் போட்டால்தான்
நெற்றியில் நிற்கும்.

நூற்றெண்பது மரம், குத்தகைக்கு.
கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குப் புண்,
மேலாக வழித்தால் பால் இல்லை.
இதை அப்பா சொல்லித் தரவில்லை.
'உனக்கு எதுக்கு பிள்ளே, நீ படி' என்றிருந்தார்.
சித்திரங்கோடு முக்கில்
பாறைப்பொடி லாரி வளைந்தபோது
பின்சக்கரத்துக்கு அது தெரியாது.

ஏழு மணிக்கு அம்மா அண்டியாபீசுக்கு இறங்குவாள்,
கறை தின்ற விரல்களுக்குத்
தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே.
நான் பால் அரித்து, ஆசிட் கலந்து,
டிஷ்களை மூடிவைத்து,
குளித்து,
மறுபடியும் குளித்து,
எலுமிச்சைத் தோலால் முழங்கை வரை தேய்த்து
எட்டே காலுக்குக் குலசேகரம் பஸ்.

'ஒட்டுப்பால் வருது, மூக்க பொத்துங்கலே.'

சொன்னவன் பிரைட்சன்.
அவன் அப்பாவின் கடையில்தான் ஷீட் போடுகிறோம்.
ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
அழுக்கு பார்ப்பார், குமிழி பார்ப்பார்,
பிறகு விலை சொல்வார்.
மகனுக்கும் அதே கண்.
ஜன்னலோரம் நின்ற என்னை
ஒரு கண்ணை மூடிப் பார்த்து
'லாட்டு' என்றான்.
வகுப்பே சிரித்தது,
ரப்பர் விலை தெரியாத பிள்ளைகளும்.

ஷைனி பெஞ்சு மாறினாள்.
'எனக்கு வீசிங் உண்டுல்லா' என்றாள் தரையைப் பார்த்து.
அவளுக்கு வீசிங் உண்டுதான்.
அதனால் கோபப்படவும் முடியவில்லை.

ஆவணியில் காய் வெடிக்கும்.
தோட்டம் முழுக்க பட் பட்டென்று,
யாரோ விரல் சொடுக்குவதுபோல.
வரிவரியாய்க் கோலம் போட்ட கொட்டை
பார்க்க அத்தனை அழகு.
வராந்தா சிமெண்டில் நாலு தடவை உரசினால் போதும்,
தீக்கங்கு.
பிரேயரில் கண் மூடி நின்றபோது
பின்கழுத்தில் வைத்தார்கள்.
'எங்கள் கடன்காரருக்கு நாங்கள் மன்னிப்பது போல'
என்ற இடத்தில்.
ஆமென் வரை நான் அசையவில்லை.

'கழுத்தில் என்ன?'
'எறும்பு கடிச்சது டீச்சர்.'

அடுத்த வாரம் வேதியியலில் பார்மிக் அமிலம்.
எறும்பைக் காய்ச்சி வடித்துத்தான்
முதலில் எடுத்தார்களாம், பெயரும் எறும்பின் பெயராம்.
'இதன் பயன் யாருக்காவது தெரியுமா?'
நாற்பத்திரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின.
ஒரு கிலோ ரப்பருக்கு எத்தனை மில்லி,
எத்தனை தண்ணீர்,
மழை நாளில் எவ்வளவு கூட்ட வேண்டும்
எல்லாம் தெரியும்.
தெரியாது என்றேன்.

அப்பா அடக்கத்துக்கு மறுநாள்
வகுப்பில் பணம் பிரித்தார்கள்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
அதில் ஐந்நூறு பிரைட்சன் கொடுத்தது.
எழுந்து நன்றி சொல்லச் சொன்னார்கள்.
சொன்னேன்.
இதை எங்கே வைப்பது என்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று மாலை பஸ்ஸில்
ஒரு பையன், ஏழாவதாக இருக்கும்,
கம்பியைப் பிடித்தபடி முன்னால் நின்றான்.
காலர் இறங்கியிருந்த இடத்தில்
வட்டமாக மூன்று.
ஒன்று பழசு. இரண்டு புதுசு.

பக்கத்து சீட் காலி.
எப்போதும் காலிதான்.
பையை எடுத்து மடியில் வைத்தேன்.
அவன் வந்து உட்கார்ந்தான்.
மூச்சை இழுத்தான்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

'அக்கா,
உங்க வீட்லயும் பாலா?'

ஆமா என்றேன்.
'எங்களுக்கு இருநூத்திப் பத்து மரம்' என்றான்,
கொஞ்சம் கெத்தாக.
திற்பரப்பு வரை
பேசிக்கொண்டே வந்தான்,
பன்றி தள்ளிவிட்ட சிரட்டைகள் பற்றி,
மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுகையில்
அவன் அண்ணன் சறுக்கி விழுந்தது பற்றி.

கழுத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இறங்கும்போது மட்டும்
என் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டேன்,
அவன் பார்க்கட்டும் என்று.